முழுசு என்றவள்

ஏல நிறுவனத்தில் அவளுக்குப் ‘பல்லக்கா’ என்று பெயர். வைத்தவர்கள் சாமான் தூக்குகிறவர்கள். பழைய பீங்கான் கோப்பை எது வந்தாலும் அதைத் துடைத்து, விளிம்பைத் தன் முன்பல்லில் வைத்து மெதுவாக ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். அசல் பீங்கான் சில்லென்று வழுக்கிக்கொண்டு போகும். உடைந்ததை ஒட்டி மேலே சாயம் பூசியிருந்தால் அந்த இடத்தில் பல் லேசாகத் தடுக்கும், குளிர்ச்சியும் இருக்காது. நகத்துக்குத் தெரியாதது பல்லுக்குத் தெரியும். அவள் படியிறங்கி வரும்போது, “வழி விடுங்கப்பா, பல்லக்கு வருது” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். “பல்லக்குன்னா நாலு பேர் தூக்கணும். நீங்க ரெண்டே பேர். பாடைக்குக்கூடப் பத்தாது” என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

அவளுடைய அறை நிலவறையில் இருந்தது. மேஜைமேல் நான்காக மடித்த கம்பளி. கை தவறினாலும் சாமான் பிழைக்கவேண்டும் அல்லவா? முதலில் எடுத்துக் கனம் பார்ப்பாள். பிறகு உள்ளங்கையில் நிறுத்தி விரல் நுனியால் ஒரு தட்டு. நல்ல கிண்ணம் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று செத்துப்போகும். அப்புறம் லென்ஸை எடுப்பாள். நூறு வருஷம் புழங்கிய தட்டில் மயிரிழைக் கீறல்கள் எங்கும் ஓடியிருக்கும். நடுவில் ஓரிடம் மட்டும் கீறலே இல்லாமல் பளபளவென்று இருந்தால் அங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போடுவாள். அந்த வெளிச்சத்தில் பழைய பீங்கான் இருண்டு கிடக்கும். பசையும் புதுச் சாயமும் வெளிறிய மஞ்சளாக மினுங்கும். பகலில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஜாடி, திரைக்குள் வந்ததும் பல்லை இளித்துவிடும்.

அவள் சொல்லும் தீர்ப்பு மூன்று விதம். ‘முழுசு.’ ‘விரிசல்.’ ‘கை பட்டது.’ கை பட்டது என்றால் உடைந்து, ஒட்டி, பூசப்பட்டது என்று அர்த்தம். உடைந்ததை ஒட்டுவதில் ஒரு குற்றமும் இல்லை. ஒட்டியதைச் சொல்லாமல் முழுசு என்று விற்பதுதான் தப்பு. இருபது வருஷத்துக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சாமானை மட்டும் பார்த்துச் சொன்னதால்தான் வாங்க வருகிறவர்கள், “அந்தம்மா பாத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்கள்.

இந்தக் கண் அவளுக்கு அப்பாவின் பட்டறையில் வந்தது. அப்பா பல் கட்டுகிறவர். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் பீங்கான் பொடியைக் குழைத்து, சின்ன உலையில் சுட்டு, பல்லாக்கித் திருப்பி அனுப்புவார். நிறம் பார்ப்பது மகளின் வேலை. வெள்ளை என்று ஒரே பேர்தான் சொல்கிறோம்; எந்த இரண்டு பேருடைய பல்லும் ஒரே வெள்ளையாக இருப்பதில்லை. அவள் ஜன்னலோரம் நின்று, “இதுல கொஞ்சம் மஞ்சள் ஏறணும்பா” என்பாள். சரியாக இருக்கும். அவளுக்கு அடுத்தவன் தம்பி. கை வேலை அவனுக்கு வந்த மாதிரி அப்பாவுக்கே வரவில்லை. ஆனால் அப்பா கோபக்காரர். சுடும்போது ஒரு பல் வெடித்தால் கையில் எது இருக்கிறதோ அதாலேயே அடி விழும். அம்மா இல்லாத வீடு. “நான்தான்பா சூட்டைக் கூட்டிட்டேன்” என்று அக்கா முந்திக்கொள்வாள். பொண்ணை அடிக்கமாட்டார், திட்டுவதோடு விட்டுவிடுவார். தம்பி செய்த தப்பெல்லாம் அந்த வீட்டில் அவள் செய்ததாகவே கணக்கு.

அப்பா போனபின் பட்டறை தம்பிக்கு, அவளுக்கு ஏல நிறுவனத்து வேலை என்று ஆயிற்று. நிறம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அங்கே கேட்டிருந்தார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த இடங்கள் தட்டிப்போயின, பிறகு வரவில்லை, அவ்வளவுதான். தம்பிக்குப் பெண் பார்த்து முடித்தது அவள்தான். முன்னறையில் பட்டறை, பின்கட்டில் சமையலறையும் அக்காவின் அறையும், மாடியில் தம்பி குடும்பம். தம்பி பெண்டாட்டி அதிகம் பேசாத பெண். ஒரே மகள், காலேஜ் முதல் வருஷம், அத்தையிடம்தான் செல்லம்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அக்கா நேரே பட்டறைக்குள் போய், தம்பிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடிப்பாள். அவன் மேஜைமேல் தூசி உறிஞ்சும் குழாய் ஒன்று பாம்பு மாதிரி தலை நீட்டி இரைந்துகொண்டிருக்கும். “இதை நிறுத்துடா, காது போகுது” என்பாள். “நிறுத்தினா நுரையீரல் போகும், பரவாயில்லையா?” என்று அவன் சிரிப்பான்.

அந்தச் சமயத்தில் மோதிரக்காரர் என்று ஒருவர் அவர்களுக்குப் பழக்கம். பழம்பொருள் வியாபாரி. இரண்டு கைகளிலும் மோதிரம் போட்டிருப்பார். பீங்கானைத் தொடும்முன் எல்லாவற்றையும் கழற்றி மேஜை ஓரம் வரிசையாக வைப்பார். நல்ல பேச்சுக்காரர். பல் கட்டிக்கொள்ள வந்த இடத்தில் தம்பியின் வேலையைப் பார்த்துவிட்டு, “உங்க கை டாக்டர்கிட்ட மாட்டிக்கிட்டு வீணாப் போகுது” என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைத் தம்பி அக்காவிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டான்.

ஒரு நாள் மோதிரக்காரர் நிறுவனத்துக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். மெல்லிசான வெள்ளைக் கிண்ணம், உள்ளே நீலத்தில் இரண்டு மீன்கள். அக்கா கனம் பார்த்தாள். தட்டினாள், நின்று ஒலித்தது. பல்லில் வைத்து இழுத்தாள், சில்லென்று ஓடியது. ஊசிமுனையால் விளிம்பைத் தொட்டாள், எங்கும் சிக்கவில்லை. முழுசு என்று வாயெடுக்கப் போனவள் பழக்கதோஷத்தில் திரையை இழுத்து விளக்கைப் போட்டாள்.

விளிம்பில் ஓரிடம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, நீலம் கலந்த வெள்ளையில் ஒளிர்ந்தது. சாயம் இப்படி ஒளிராது, பசையும் ஒளிராது. ஊதா விளக்கில் இப்படி ஒளிர்வது மனிதப் பல். பல்லுக்கான பீங்கான் பொடியிலும், இருட்டில் பல் மாதிரியே தெரியவேண்டும் என்று அதற்கான மருந்தைக் கலப்பார்கள்.

திரையைத் தள்ளிவிட்டு லென்ஸில் பார்த்தாள். நம் முன்பல்லின் நுனியைக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும்: வெள்ளை அப்படியே முடிந்துவிடாது, நுனிக்குச் சற்று முன்னால் சாம்பல் நீலமாக ஒரு கோடு, வெளிச்சத்தை உள்ளே விடும். பல் கட்டுகிறவர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள். தம்பி விடமாட்டான். இடக்கைக்காரன் ஆதலால் அவன் போடும் நீலம் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் கரையும். அந்தக் கிண்ணத்து விளிம்பில் அதே நீலம், அதே சாய்வில் கரைந்திருந்தது. உடைந்துபோன சில்லுக்குப் பதிலாக ஒரு பல்லைச் செய்து, வாயில் பொருத்துவதுபோலப் பொருத்தியிருந்தான்.

அவளுக்கு முதலில் வந்தது பெருமைதான். அதைப் பிறகு அவளே சொல்லியிருக்கிறாள். என்ன வேலைடா இது என்று ஒரு கணம் நெஞ்சு விம்மியது. அப்புறம்தான் அது எதற்காகத் தன் மேஜைக்கு வந்திருக்கிறது என்பது உறைத்தது.

மோதிரக்காரர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு மோதிரமாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்னம்மா, எப்படி?”

கை பட்டது என்று அவள் சொல்லியிருந்தால் யார் கை என்ற கேள்வி வந்திருக்கும். நாக்கு அதுவாகவே பழைய வழியில் திரும்பியது.

“முழுசு” என்றாள்.

அன்று சாயங்காலம் காபி டம்ளரோடு ஸ்டூலில் உட்கார்ந்தபோது, கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். தம்பி குனிந்து ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த மோதிரக்காரர் வந்தாராடா?”

“எந்த மோதிரக்காரர்? ஓ, அவரா. இல்லையே. ஏன்?”

காது மடல் சிவந்துவிட்டது. சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கேட்டால் ஒப்புக்கொள்வான்; ஒப்புக்கொண்டால் அப்புறம் தன் முகத்தைப் பார்க்கமாட்டான். அவனாகவே நிறுத்திவிடுவான், ஒன்றிரண்டோடு போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, “சும்மாதான்” என்று எழுந்து போனாள்.

ஒன்றிரண்டோடு போகவில்லை. மூன்று வருஷம் நடந்தது.

அடுத்து வந்தவை விளக்கில் ஒளிரவில்லை. தம்பி முட்டாள் இல்லை. அக்காவின் மேஜையில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அப்பா காலத்துப் பொடி, அந்த மருந்து கலக்காதது, பட்டறைப் பரணில் ஜாடி ஜாடியாகக் கிடந்தது. ஈரம் பட்டுக் கட்டிதட்டிப்போன பொடி. அதை இடித்து, அரைத்து, சலித்துத்தான் பயன்படுத்த முடியும். முன்னறையில் அரைத்தால் குழாய் இரையும், அக்கா வந்து எட்டிப் பார்ப்பாள். பகலில் டாக்டர்களின் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். அதனால் மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறைக்குள் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தான். அதற்கு ஜன்னல் கிடையாது. அவன் உள்ளே போனதும் அவன் பெண்டாட்டி வெளியிலிருந்து கதவடியில் பழைய துணியைச் செருகிவைப்பாள். தூசி வெளியே வந்தால் அக்கா கண்ணுக்குத் தப்பாது என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

நிறுவனத்தில் அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மூடி. ஒரு பொம்மையின் விரல். ஜாடியின் வாய் ஓரம். தட்டினால் ஒலித்தன, பல்லில் சில்லென்றன, விளக்கில் இருண்டு கிடந்தன. லென்ஸை வைத்தால் மட்டும் ஒரு பக்கம் கரையும் அந்த நீலம். ஏமாற்றும் வேலையிலும் அவனால் அதை விடமுடியவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, லென்ஸைக் கண்ணில் வைக்கும் முன்பே அவள் வாய் அந்த வார்த்தைக்குத் தயாராகிவிடும். “முழுசு.” “முழுசு.” தம்பி கை படாத ஒன்று உடைந்து, ஒட்டி வந்தால் அன்றைக்கு நிம்மதியாகக் கை பட்டது என்பாள்.

இருமல் ஆரம்பித்தது இரண்டாவது வருஷம். வறட்டு இருமல். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எதையோ மறந்தவன்போல யோசிப்பான். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா ஜாடையாகக் கேட்டாள்.

“படிக்கட்டு ரூம்ல அப்படி என்னடா வேலை? காத்தே கிடையாதே, புழுங்காதா?”

“மெழுகு வேலைக்கா. காத்து பட்டா கோணிக்கும்.”

“ரெண்டு ஓட்டையாவது போட்டுக்கயேன்.”

“போடலாம், போடலாம்.”

தம்பி பெண்டாட்டி பரிமாறிக்கொண்டே, “அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்று பேச்சை மாற்றினாள். அவளுக்குத் தெரியும் என்று அக்காவுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியாது. மூன்று பேரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். மகள் மட்டும், “அப்பா, டாக்டர்கிட்ட போயேன்பா” என்றாள்.

அவன் போனபோது நேரம் கடந்திருந்தது. நெஞ்சுப் படத்தில் இரண்டு நுரையீரலும் மேலிருந்து கீழ்வரை வெள்ளைப் புள்ளிகளாக இருந்தன. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துவிட்டுத் திரும்பினார்.

“என்ன வேலை பாக்கறார்?”

“பல் கட்டறார்” என்றாள் பெண்டாட்டி.

“தூசி உறிஞ்சற மெஷின் இருக்கா?”

“இருக்கு, டாக்டர். எப்பவும் ஓடும்.”

“அது ஓடினா இவ்வளவு வராதே. மூடின ரூம்ல உக்காந்து கல்லு அரைச்சவங்களுக்குத்தான் இப்படிப் பாத்திருக்கேன்.”

தம்பி பெண்டாட்டி தரையைப் பார்த்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் நின்று அதே தரையைப் பார்த்தாள். இது திரும்பிச் சரியாகாது, இனி தூசிப் பக்கம் போகக்கூடாது, மூச்சுக்கு உதவி கொடுத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மூக்கில் குழாய். நாலு வார்த்தை பேசினால் இரண்டு நிமிஷம் ஓய்வு வேண்டும். ஒரு மத்தியானம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி தண்ணீர் பிடித்துவரப் போயிருந்தாள். அவன் கண்ணைத் திறந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அக்கா. ஒண்ணு கேக்கணும்.”

“பேசாம படுடா.”

“மீன் போட்ட கிண்ணம். வந்துச்சா உன்கிட்ட?”

அவள் உரிப்பதை நிறுத்தினாள்.

“அது… லைட்டுல காட்டிக் கொடுத்திருக்கும். அவசரத்துல புதுப் பொடியைப் போட்டுட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டான். “நீ ஒண்ணும் சொல்லலையேன்னு பாத்தேன். சரி, தப்பிச்சிருச்சுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் அப்பாவோட பொடி. அதுல ஒண்ணாவது கண்டுபிடிச்சியா?”

அவன் கண்ணில் பயம் இல்லை. அப்பா மேஜையில் தன் முதல் பல்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, என்ன சொல்வாரோ என்று நின்ற பையனின் ஆசைதான் இருந்தது. இல்லைடா, நீ என்னை ஜெயிச்சிட்டே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடியிருப்பான். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் பொய் சொல்லிச் சொல்லி அவள் களைத்துப் போயிருந்தாள். இவனிடம் இன்னொன்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

“எல்லாத்தையும் கண்டுபிடிச்சேன்டா. முதல் நாள்லேருந்து.”

“எப்படி?”

“ஓரத்துல நீலம் போடுவியே. அது ஒரு பக்கமாக் கரையும்.”

அவன் யோசித்தான். பிறகு சிரித்தான், அது இருமலாகி, இருமல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அவள் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். அடங்கியதும் மெல்லிய குரலில், யாரையும் குற்றம் சொல்லாமல், நிஜமாகவே புரியாதவன்போலக் கேட்டான்.

“அப்போ நான் எதுக்குக்கா கதவைச் சாத்தினேன்?”

தண்ணீர்ப் பாத்திரத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்த பெண்டாட்டி அதைக் கேட்டாள். அவள் கத்தவில்லை. பாத்திரத்தைக் கொண்டுவந்து ஜன்னல் திண்டில் வைத்தாள். முந்தின நாள்வரை, “அண்ணி, நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அதன்பின் அக்காவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கதவடியில் மூன்று வருஷம் துணி செருகிய கை அவளுடையது. அந்தக் கையை மடியில் போட்டு, கவிழ்த்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் தம்பி போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் மோதிரக்காரரும் இருந்தார். முகத்தில் வருத்தம் உண்மையாகத்தான் இருந்தது. எல்லாரும் போனபின் அக்காவை வாசல்பக்கம் தனியாக அழைத்தார்.

“இந்த நேரத்துல கேக்கக்கூடாது. தம்பிகிட்ட என்னோட ஜாடி ஒண்ணு இருக்கு. பாதி வேலையில நின்னிருக்கும்.”

அவள் படிக்கட்டு அறைக்குள் போய் எடுத்து வந்தாள். கழுத்து நீண்ட ஜாடி. வாயில் ஒரு பக்கம் உடைந்து, பக்கத்தில் சுட்டுவைத்த துண்டு காகிதத்தில் பொதிந்திருந்தது.

“கை பட்டதுன்னு சொல்லி வித்துக்குங்க” என்றாள்.

மோதிரக்காரர் ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

“நான் எதையும் முழுசுன்னு சொன்னதில்லைம்மா. கொண்டுவந்து வச்சேன், அவ்வளவுதான். முழுசுன்னு சொன்னது நீங்க.”

அடுத்த நாளே அவள் வேலைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தெந்தச் சாமான், எந்த இடத்தில் என்று ஒன்று விடாமல் அவளுக்கு நினைவிருந்தது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“இல்லை.”

“சொல்ல வேண்டாம். வாங்கினவங்க யாரும் குறை சொல்லலை. நாமளே போய் ஊரைக் கூட்டுவானேன்?” சற்று நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்குங்க” என்றார். அந்த ஓய்வு எப்போது முடியும் என்று அவளும் கேட்கவில்லை. சாமான் தூக்குகிறவர்கள் படியில் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் கேலி பேசவில்லை.

மீன் கிண்ணத்தை வாங்கியவர் யாரென்று அவளுக்குத் தெரியும். ரிட்டயரான கணக்கு வாத்தியார். ஒவ்வோர் ஏலத்துக்கும் வந்து, ஒன்றும் வாங்காமல் பார்த்துவிட்டுப் போவார். வாழ்நாளில் ஒன்று வாங்கினார், அது அந்தக் கிண்ணம். அவள் அவர் வீட்டைத் தேடிப் போனாள். கிண்ணத்தைக் கண்ணாடி அலமாரியில், கதவைத் திறந்ததும் தெரியும்படி நடுத்தட்டில் வைத்திருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னதும் வாத்தியார் நம்பவில்லை. எடுத்து வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளிம்பு முழுக்கச் சுற்றிப் பார்த்தார்.

“எங்கேம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் பார்த்தார். இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அவர் கண் அந்த இடத்தை விட்டு வேறெங்கும் போகவில்லை. மீன்களைக்கூட அவர் பார்க்கவில்லை.

“இப்ப எதுக்கும்மா வந்து சொன்னீங்க?” என்றாள் அவர் மனைவி. “இவர் இதைத் தினமும் காலையில எழுந்ததும் பாப்பார்.”

வாத்தியார் அவளைத் திட்டவில்லை. காபி கொடுக்கச் சொன்னார். அவள் கிளம்பும்போது கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் வைத்து, அந்த இடம் சுவரைப் பார்க்கும்படி திருப்பினார். திருப்பிவிட்டு ஓரடி தள்ளி நின்று பார்த்தார். மறுபடியும் கொஞ்சம் திருப்பினார். அவள் அதற்குப் பின் வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை.

தம்பி பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் மட்டும் எப்போதாவது அத்தையைப் பார்க்க வருவாள். வந்து உட்கார்வாள், போனைப் பார்ப்பாள், போவாள். ஒரு முறை மட்டும், “நீங்க சொல்லியிருந்தா அப்பா உங்ககிட்ட பேசாமப் போயிருப்பார்தான். ஆனா இருந்திருப்பாரில்ல, அத்தை?” என்றாள். “இருந்திருப்பான்” என்றாள் அவள். அக்கா இன்னொருவருடைய பல் பட்டறையில் நிறம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லாம் மிஷின்தான். நிறத்தை மட்டும் அவள் சொல்லவேண்டும்.

ஒரு வருஷம் கழிந்தபின் முன்கட்டையும் மாடியையும் வாடகைக்கு விடலாம் என்று முடிவாயிற்று. மகள் மூலமாகத்தான் பேச்சு நடந்தது. விடுவதற்கு முன்னால் படிக்கட்டு அறையைச் சுத்தம் செய்யவேண்டும். தூசியைக் கூட்டவே கூடாது, முகமூடி போட்டுக்கொண்டு ஈரத் துணியால்தான் துடைக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வாளியும் துணியுமாகக் கிளம்பியபோது, வாசலில் தம்பி பெண்டாட்டி நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து முகமூடியை எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

எங்கே தொட்டாலும் மாவு மாதிரி வந்தது. பலகை, சுவர், ஆணி, விளக்கின் ஒயர், எல்லாவற்றிலும் அப்பியிருந்தது. துணியை வாளியில் பிழிந்தால் தண்ணீர் பாலாக வெளுத்தது. ஒருத்தி சுவரைத் துடைத்தாள், ஒருத்தி தட்டுகளைத் துடைத்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு பேருக்கும் கண் மட்டும்தான் தெரிந்தது.

தம்பி பெண்டாட்டி துணியை வாளியில் முக்கினாள். அது வெள்ளையைத்தான் திரும்பக் கொண்டுவந்தது.

“அண்ணி, தண்ணியை மாத்துங்க” என்றாள்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து வந்தாள். மத்தியானத்துக்குள் பாதி அறைதான் முடிந்தது. தம்பி பெண்டாட்டி கையைக் கழுவி, முகமூடியை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் வந்தாள்.